பாண்டு படுத்திருந்த இடம்

பிப்ரவரி 9

எங்கள் நாய் பாண்டு போய் ஒன்பது நாளாகிறது. தோட்டத்துக் கோடியில், மதிய வெயிலுக்கு அவன் ஒதுங்கும் மரத்தடிக்குப் பக்கத்திலேயே குழி எடுத்துப் புதைத்தோம். மேலாகப் புதைத்தால் வேறு பிராணிகள் வந்து கிளறிவிடும் என்று இவர் இடுப்பளவுக்கு வெட்டினார். இப்போது அங்கே ஒரு மண்மேடு. சமையலறை ஜன்னலில் நின்றால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

"அம்மா, அங்கே ஒரு சிலை வைக்கலாமா?" என்று மகள் கேட்டாள். சரி என்றேன். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 11

எங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு சிலை உண்டு. சிமென்ட் கொக்கு. நாங்கள் இந்த வீட்டுக்கு வரும்போதே நின்றுகொண்டிருந்தது. பாண்டு குட்டியாக வந்த அன்று அதைப் பார்த்துத் தொண்டை கட்டும்வரை குரைத்தான். அதற்கு உயிர் இல்லை என்று புரிந்த பிறகு தினமும் காலைத் தூக்கி மரியாதை செலுத்தத் தொடங்கினான்.

இன்று அதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு காலிலும் நீளவாக்கில் விரிசல், விரிசலில் பழுப்புக் கறை. உள்ளே இருக்கும் கம்பிக்குத் தண்ணீர் போய்விட்டது. இரும்பு துருப்பிடித்தால் பருத்துக்கொள்ளும். பருக்கப் பருக்கச் சிமென்டை உள்ளிருந்தே பிளக்கும். மெல்லிய கால், நீண்ட அலகு, விரித்த சிறகு எதுவும் கம்பி இல்லாமல் நிற்காது. அவ்வளவு ஒல்லியான இடத்தில் கம்பிக்கு மேல் தடிப்பாகச் சிமென்ட் பூசவும் முடியாது. சிமென்டில் வாங்குவதென்றால் உருண்டு திரண்ட உருவமாக வாங்க வேண்டும். ஆமை, தவளை, படுத்திருக்கும் பிராணி, இப்படி.

பிப்ரவரி 16

இணையத்தில் நாய்ச் சிலை தேடினேன். லாப்ரடார், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று இனவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாண்டு எதிலும் சேராதவன். அப்பா வழியில் என்ன, அம்மா வழியில் என்ன என்று கால்நடை மருத்துவரே ஊகம்தான் சொன்னார். ஒரு காது விறைத்து நிற்கும், மற்றது எப்போதும் மடிந்தே இருக்கும்.

நினைவுச் சிலை என்று தேடினால் பாதிக்குப் பாதி சிறகு முளைத்த நாய்கள். சிலவற்றுக்குத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். எங்கள் செருப்புகளுக்கு அவன் செய்ததை நினைத்தால் ஒளிவட்டம் கொஞ்சம் அதிகம்.

மகள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், சிறகு இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நாய். 'கல் தோற்றம்' என்று போட்டிருந்தது. வாங்கச் சொல்லிவிட்டேன். அந்தத் 'தோற்றம்' என்ற சொல்லில் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

மார்ச் 2

பெட்டி வந்தது. ஒரு கையால் தூக்கினேன். ரெசின், அதாவது அச்சில் வார்க்கிற செயற்கைப் பிசின்; உள்ளே வெறும் கூடு. கண்ணுக்குக் கறுப்பு வண்ணம் வைத்து, அதன் மேல் பளபளப்பு வேறு. முகம் சரியாக நாய் முகம்தான், ஆனால் வேறு யாரோ. மகள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது அவன் இல்லைம்மா" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 3

ராத்திரிக் காற்றில் ரெசின் நாய் குப்புற விழுந்து கிடக்கிறது. மணல் போட்டு நிரப்ப அடியில் ஒரு மூடி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 15

சிலைகள் செய்து விற்கும் ஒரு முற்றத்துக்கு நானும் இவரும் போய் வந்தோம். நல்ல வேளை, அங்கிருந்த பெரியவருக்கு விற்பதைவிடப் பேசுவதில்தான் விருப்பம்.

அவர் சொன்னதன் சாரம் இது. ரெசின் எடை குறைவு, நுணுக்கமாக வார்க்கலாம், விலையும் இறங்கும்; வெயிலில் இருக்கும் புறஊதாக்கதிர் மேல்வண்ணத்தை வெளுக்கச் செய்யும், சில வருஷத்தில் மாவு மாதிரி உதிரும். திண்ணைக்கும் கூரை போட்ட இடத்துக்கும் சரி. 'வெண்கல நிறம்' என்றால் நிறம் மட்டும்தான் வெண்கலம். 'கோல்ட் காஸ்ட் பிரான்ஸ்' (cold cast bronze) என்பது ரெசினில் வெண்கலத் தூளைக் கலந்து வார்ப்பது. உண்மையான வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது; தட்டினால் கணீரென்று கேட்கும், நாளாக ஆகப் பச்சை படரும். அந்தப் பச்சை அழுக்கு இல்லை, தேய்த்து எடுக்கக் கூடாது. வருஷம் ஒரு முறை மெழுகு பூசினால் போதும். காந்தம் ஒட்டினால் அது வெண்கலமே இல்லை, இரும்புக்கு அடித்த வண்ணம்.

சுடுமண் அழகுதான். தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும் என்பதால், உறைபனி விழும் ஊர்களில் ஒரே குளிர்காலத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். குளிர் இல்லாத இடத்தில் அந்தக் கவலை இல்லை. பாசி மட்டும் பிடிக்கும்.

பளிங்கு மேல் இவருக்கு ஆசை. பெரியவர் உள்ளே போய் ஒரு பழைய பளிங்குப் பலகையை எடுத்து வந்து காட்டினார். எழுத்தெல்லாம் சோப்புக் கட்டியில் எழுதினது மாதிரி மழுங்கியிருந்தது. மழைத்தண்ணீரில் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் உண்டு, காற்று கெட்ட இடத்தில் இன்னும் அதிகம். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் அதில் மெல்ல மெல்லக் கரையும். எலுமிச்சை, வினிகர் போட்டுத் துடைப்பவர்கள் அதே வேலையை அவசரமாகச் செய்கிறார்கள். எந்தக் கல் சிலைக்கும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதுமாம்.

ஒரு மூலை முழுக்கத் தாடி வைத்த குள்ளர் பொம்மைகள். எனக்கு அவற்றைக் கண்டால் ஆகாது, ஆனால் வரலாறு ருசியானது. சார்லஸ் ஐஷம் என்ற பிரபு 1847இல் ஜெர்மனியிலிருந்து சுடுமண் குள்ளர்களைக் கொண்டுபோய் இங்கிலாந்தில் தன் லாம்போர்ட் மாளிகைத் தோட்டத்தில் வைத்தார். அந்தக் கூட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் வழக்கமாகக் குள்ளர்களுக்கு அனுமதி இல்லை. 2013இல் நூற்றாண்டை முன்னிட்டு விதிவிலக்காக உள்ளே விட்டார்கள். எனக்கு அந்தக் கண்காட்சிக்காரர்கள் பக்கம்தான் மனசு.

ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். கிளம்பும்போது பெரியவர், "குழி எடுத்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ அவசரமே இல்லை. தோண்டின மண் இறங்க மாசக்கணக்காகும். இப்பவே கனமா எதையும் மேலே வைச்சா சாய்ஞ்சிடும்."

மார்ச் 22

தூக்கம் வராமல், மனுஷர்கள் பிராணிகளுக்கு வைத்த கற்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே இருக்கிறது. கன்னட நாட்டு ஆதகூர் கல் 10ஆம் நூற்றாண்டு. காளி என்ற வேட்டை நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி இரண்டுமே செத்தன. அந்த மோதலைத்தான் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

இரண்டு கல்லிலும் நாயின் முகத்தைத் தேடிப் பயனில்லை. கோவிவனுக்கு எந்தக் காது மடிந்திருந்தது என்று செதுக்கியவர் கவலைப்படவில்லை. அது என்ன செய்தது என்பதுதான் கல்லில் நிற்கிறது. ரெசின் நாயைப் பார்த்ததும் மகள் ஏன் உள்ளே போனாள் என்று இப்போதுதான் பிடிபடுகிறது.

இன்னொன்று, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. செத்துப்போன எஜமானருக்காக ரயில் நிலையத்தில் வருஷக்கணக்காகக் காத்திருந்த ஜப்பான் நாய் ஹச்சிகோ, 1934இல் தன்னுடைய சிலைத் திறப்புக்குத் தானே வந்திருந்தது. அடுத்த வருஷம் மார்ச்சில் செத்துப்போனது. போர் வந்ததும் வெண்கலம் வேண்டுமென்று சிலையை உருக்கிவிட்டார்கள். இன்று ஷிபுயா ரயில் நிலையத்து வாசலில் இருப்பது 1948இல் அந்தச் சிற்பியின் மகன் செய்தது.

ஏப்ரல் 6

வாளி வைத்துப் பார்க்கும் படலம். கடையில் பெரிதாகத் தெரியும் சிலை திறந்த வெளியில் வைத்ததும் சிறுத்துப்போகும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். உத்தேச உயரத்துக்கு ஒரு பொருளை வைத்து, நாலு நாள் அதைச் சுற்றி நடமாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னார். அட்டைப்பெட்டி, கவிழ்த்த வாளி, மடித்த சாக்கு என்று மாற்றி மாற்றி வைத்தோம். நட்ட நடுவில் வைத்த எதுவும் காவல்காரன் மாதிரி முறைத்தது. மரத்தடியில், பாதி செடிக்குள் மறைந்தபடி வைத்த சாக்குதான் பொருந்தியது. ஜன்னலிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியாது, அங்கே போனால்தான் தெரியும். எனக்கு அது போதும். தினமும் அரிசி களையும்போது அழ எனக்குத் தெம்பில்லை.

மே 4

இன்று போனில் இருந்த அவன் படங்களை முதல்முறை முழுக்கப் பார்த்தேன். முகம் நன்றாக விழுந்த படங்கள் நிறைய. எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் கலங்கினது ஒரு மங்கலான படத்தில். மூக்கை வாலுக்கடியில் செருகி, சுருண்டு படுத்திருக்கிறான். மடிந்த காது மேலே தெரிகிறது. ஒரு பின்னங்கால் மட்டும் வெளியே நடைபாதைக்கு நீண்டிருக்கிறது. எப்போதும் அப்படித்தான், யாராவது தடுக்கி விழட்டும் என்று வைத்திருப்பான். வீட்டில் எல்லாரும் நாளைக்கு நாலு தடவை "டேய், நகருடா" என்போம். நகர்ந்ததில்லை.

இஸ்தான்புல்லில் டொம்பிலி என்று ஒரு தெருப்பூனை இருந்தது. நடைபாதைப் படியில் ஒரு முழங்கையை ஊன்றி, பெரிய மனுஷன் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அது செத்த பிறகு, 2016 அக்டோபரில், அதே படியில் அதே சாய்மானத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். அடுத்த மாதம் திருடு போய், திரும்பவும் வந்து சேர்ந்தது. அந்த முழங்கைதான் டொம்பிலி. அந்தச் சாய்மானம் இல்லையென்றால் அது ஏதோ ஒரு பூனை.

மகளிடம் சுருண்ட படத்தைக் காட்டினேன். "இதுதான்" என்றாள்.

மே 19

கல் செதுக்குபவர் ஒருவரைப் பிடித்தோம். கருங்கல் என்று முடிவு. பளிங்கு மாதிரி மழைக்குக் கரையாது. நீளம் 40 சென்டிமீட்டர், உயரம் 18. சுருண்ட உருவம் கல்லுக்குத் தோதானது, நீட்டிக்கொண்டு உடைவதற்கு ஒன்றும் இல்லை என்றார். உடனே பின்னங்காலைச் சொன்னேன். யோசித்தார். காலைத் தனியாக விடாமல் அடிப்பீடத்தோடு ஒட்டிப் புடைப்பாகச் செய்யலாம் என்றார். முகம் வேண்டாம், மூக்கு வாலுக்கடியில்தான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவருக்கு நிம்மதி. "முகம் கேட்கிறவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் திருப்தி வராதும்மா."

மெருகு எவ்வளவு என்று கேட்டார். முதுகில் மட்டும் லேசாக, மற்றதெல்லாம் கொத்தினபடி. தடவுகிற இடம் எப்படியும் மாறத்தான் போகிறது. எடின்பரோவில் 1873இல் வைத்த பாபி நாய்ச் சிலையின் மூக்கு, சுற்றுலா வருபவர்கள் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பெல்லாம் போய்ப் பித்தளை மாதிரி மின்னுகிறது.

ஜூன் 30

எழுத்து பற்றிச் சண்டை. இவர் நாலு வரி எழுதிக்கொண்டு வந்துவிட்டார். எதுகை மோனையெல்லாம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் பாண்டு அதைப் படிக்க மாட்டான், நாங்களும் இரண்டு முறைக்கு மேல் படிக்க மாட்டோம். ஆங்கிலக் கவிஞர் பைரன் தன் நாய் போட்ஸ்வெயின் 1808இல் செத்தபோது தன் நியூஸ்டெட் ஆபி மாளிகையில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பி நீண்ட கவிதையே பொறித்து வைத்தாரே என்றார். நீங்கள் பைரன் இல்லை என்றேன். மதியம் வரை பேச்சில்லை.

தீர்த்து வைத்தது கல் செதுக்குபவர்தான். பொடி எழுத்து கருங்கல்லில் நிற்காது, 'ண்'ணில் மூன்று சுழி இருக்கிறது, சுழிக்கு நடுவில் இருக்கும் துளிக் கல் தெறித்துவிடும், எழுத்து குறைந்தது இரண்டு அங்குலமாவது வேண்டும் என்றார். இரண்டு அங்குலத்தில் பீடத்தில் இடம் இருந்தது ஒரு சொல்லுக்குத்தான். பாண்டு. வருஷம்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 10

மண்மேடு இறங்கிக் குழியாகவே ஆகிவிட்டது. இதுவரை இரண்டு முறை மண் போட்டு நிரப்பியிருக்கிறோம். பெரியவர் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

ஆகஸ்ட் 17

சிலை வந்தது. 35 கிலோ இருக்கும்; அண்ணன் வந்திருந்ததால் சமாளித்தோம். புதைத்த இடத்துக்கு மேலே வைக்காமல், ஒரு முழம் தள்ளி மரத்தடியில், அவன் வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே வைத்தோம். 15 சென்டிமீட்டர் தோண்டி, ஜல்லி போட்டு இடித்து, மேலே ஒரு பலகைக்கல், அதற்கு மேல் சிலை. பலகைக்கல்லைத் துளி சரிவாக வைக்கச் சொன்னார் அண்ணன், தண்ணீர் தேங்காமல் ஓடிவிடுமாம். சுருண்ட உடம்பின் நடுவில் மட்டும் ஒரு குழிவு, அதில் தேங்கும். தேங்கட்டும், சிட்டுக்கள் குடிக்கும். நாளுக்கொரு தடவை கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினால் கொசு வராது.

மகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். காது கொஞ்சம் தடிப்பு என்றாள். உண்மைதான்.

ஆகஸ்ட் 24

கொக்கின் ஒரு கால் நேற்று மழையில் விட்டுப்போனது. எடுத்துவிடலாம் என்று இவர் சொன்னார். நானும் மகளும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். இப்போது மதிலில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 29

காலையில் இவர் தண்ணீர் ஊற்றப் போனவர், செடிக்கு வெளியே நீட்டியிருக்கும் அந்தக் கல் பின்னங்காலில் இடித்துக்கொண்டார். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஜன்னலில் நின்ற எனக்குக் கேட்டது.

"டேய், நகருடா."