பட்டியல் ஒட்டின பிறகு

2023 ஜூன் 24, சனி
ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாசக் காசு குடுக்கிற புதுத் திட்டம் அஸ்வெசும. அதுக்குத் தெரிவானவங்கட பட்டியல் வந்திட்டு. மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலையில, போட்டோகொப்பி எடுத்து, கடிதம் படிவம் எழுதிக் குடுக்கிற எங்கட கொமினிக்கேஷன் கடைக்குள்ள நிக்க இடமில்ல. 1995இல தொடங்கின பழைய உதவித் திட்டம் சமுர்த்தியில இருந்த சனம், "முத்திரை வெட்டுப்பட்டுட்டா புள்ள?" எண்டுதான் கேக்குது. சமுர்த்தி உதவியத்தான் முத்திரை எண்டுறாங்க. அஸ்வெசுமவில குடும்பங்கள நாலு தரமாப் பிரிச்சிருக்கு. மாசம் ஆகக் கூடினது 15,000 ரூவா, ஆகக் குறைஞ்சது 2,500.

ஜூன் 27, செவ்வாய்
வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரை உள்ளுக்கிருந்து ஒரு பெரியம்மா வந்தா. புருஷன் யுத்தத்தில காணாமப் போனவர். பட்டியலில பேர் இல்ல. றப்பர் பாண்ட் போட்ட கறண்ட் பில் கட்டொண்ட பையிலிருந்து எடுத்தா. யூனிட் கூடத்தான் கிடக்கு. மறுகா கேட்டா, ஒரே மீற்றரில மூண்டு குடும்பம்: பெரியம்மா, பின்னால தகரக் கொட்டிலில மகள், வேலிக்கு அங்கால தங்கச்சி. வயர் வேலிக் கதியாலோட ஓடுது. பில் மட்டும் பெரியம்மாட பேரில.

ஆருக்கு உதவி தேவை எண்டு பாக்கிற 22 குறிகாட்டியில மின்பாவனையும் ஒண்டு. வீட்டுச் சுவர், கூரையும் பாக்காங்க. அவவுக்கு யுத்தத்துக்குப் பிறகு திட்டத்தில கிடைச்ச ஓட்டு வீடு. ஆர் தந்த வீடு எண்டு படிவத்தில கேள்வி இல்ல.

சமுர்த்தியில கட்சிக்காரனுக்குக் குடுத்த கூத்தெல்லாம் எங்களுக்கும் தெரியும். தேவையில்லாதவனுக்குப் போகக் கூடாது, சரி. ஆனா மீற்றர எண்ணினவங்க அடுப்பையும் எண்ணியிருக்கலாம். பெரியம்மாட மேன்முறையீட்டில அதத்தான் எழுதினன், கொஞ்சம் மரியாதையா.

ஜூலை 4, செவ்வாய்
பட்டியலில பேர் வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு எதிரா ஆட்சேபனை எழுதித் தரச் சொல்லி ஒராள். அவளிட்ட மோட்டார்சைக்கிள் இருக்காம். அது லீசிங்கில கிடக்கு, மகன் அதில மீன் விக்கான். நான் எழுதல்ல. சனத்தச் சனத்தோட கொழுவி விட்டிருக்காங்க.

ஜூலை 10, திங்கள்
மேன்முறையீடும் ஆட்சேபனையும் குடுக்கக் கடைசி நாள். ஒன்லைனில போடலாம் எண்டுறாங்க. போன் அமத்தத் தெரிஞ்ச புள்ளையள் கட்டாரில நிக்குதுகள். ராத்திரி வரைக்கும் கடை திறந்து கிடந்திச்சு. காசில்லாதவங்களிட்ட வாங்கல்ல.

செப்ரெம்பர் 5, செவ்வாய்
பெரியம்மாட வீட்டுக்கு ஆள் வந்து பாத்திட்டுப் போயிருக்கு. மீற்றர போட்டோ எடுத்தாராம். "வயரையும் எடு மனே எண்டனான். அதப் போட போனில இடமில்லையாம் கா."

வயர் போற பாதைய நானே போட்டோ எடுத்து, பிறின்ற் போட்டு, இன்னொரு கடிதத்தோட குத்திக் குடுத்திருக்கன். வெள்ளிக்கிழமை ஆபிசுக்குக் கொண்டு போறா.