கணினி வரலாற்றுத் தாள்: படிக்கட்டுக் கேள்வியில் தவறிய எனக்குத் தேறிய வழி

முடிவு நேற்று வந்தது. இரண்டாம் முறையாக எழுதித்தான் தேறினேன். முதல் முறை நான்கு மதிப்பெண்ணில் தவறியதற்கு, தட்டச்சுப்பொறிப் பகுதியை மனப்பாடத்தாலேயே கடந்துவிடலாம் என்று நம்பியதே காரணம். ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கி, படிக்கட்டுப் போல வலப்பக்கம் இறங்கும் ஓர் அச்சுப்படியைக் கொடுத்துக் காரணம் கேட்டிருந்தார்கள். இடைவெளி கூடுதலாக விழுந்திருக்கிறது என்று எழுதிப் பத்து மதிப்பெண்ணையும் இழந்தேன்.

பிறகு ஒரு பழைய தட்டச்சுப்பொறியைத் தொட்டுப் பார்த்தபோதுதான் விடை பிடிபட்டது. இடப்பக்க லீவரைத் தள்ளினால் முதலில் ரோலர் உருண்டு தாளை ஒரு வரி மேலேற்றுகிறது. மேலும் தள்ளினால் தாளைத் தாங்கி நகரும் கேரியேஜ் வரித் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. கைக்கு ஒரே அசைவு, இயந்திரத்துக்கு இரண்டு வேலை. கம்பி வழியே செய்தி அனுப்பிய தொலைத்தட்டச்சில் இவை தனித்தனிக் குறிகளாகி, எழுத்துகளுக்கு எண் தரும் முறையாக 1963-இல் வெளியான ஆஸ்கியில் கேரியேஜ் திரும்ப 13, வரி இறங்க 10 என நிலைபெற்றன. விண்டோஸ் உரைக்கோப்புகளில் இன்றும் வரிமுடிவுக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. யூனிக்ஸ் இயங்குதள மரபில் 10 மட்டுமே. இரண்டையும் எதிர்பார்க்கும் அச்சுக்கருவிக்கு 10 மட்டும் போனால் தாள் ஏறும், கேரியேஜ் திரும்பாது. அதுதான் அந்தப் படிக்கட்டு. 13 மட்டும் போனால் வரியின் மேலேயே வரி விழும். இம்முறை கேட்டது அதைத்தான்.

ஆகவே விசையின் பெயரை விட்டுவிட்டு, எந்தப் பாகம் அசைந்தது என்று படியுங்கள்.

- ஷிப்ட்: கேரியேஜையோ தாளில் அடிக்கும் எழுத்துக் கம்பித் தொகுதியையோ உண்மையாகவே நகர்த்தியது. 1874-இல் விற்பனைக்கு வந்த ரெமிங்டன் பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1878-இன் ரெமிங்டன் 2-இல் சிறிய எழுத்துகளும் வந்தன.
- கேப்ஸ் லாக்: நகர்ந்த ஷிப்ட்டைப் பிடித்து நிறுத்திய பூட்டின் வாரிசு.
- பேக்ஸ்பேஸ்: எதையும் அழிக்கவில்லை, ஓர் எழுத்து பின்னால் நகர்த்தியது. அப்படிப் பின்வாங்கிச் சொல்லுக்கு அடிக்கோடிடத்தான் அடிக்கோட்டு விசையே இருந்தது.
- விசை வரிசைகள் நேர்க்கோட்டில் நில்லாமல் விலகியிருப்பது: அடியிலிருந்த லீவர்கள் ஒன்றையொன்று இடிக்காமல் போக.

ஆங்கில விசைப்பலகையின் வழக்கமான எழுத்து வரிசையான குவெர்ட்டி, தட்டச்சரின் வேகத்தைக் குறைக்கவே உருவானது என்று தீர்ப்புப் போல எழுதாதீர்கள். எழுத்துக் கம்பிகள் சிக்காமல் இருக்க, அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளைப் பிரித்தார்கள் என்ற விளக்கத்துக்குக்கூட, ஆங்கிலத்தில் ஓயாமல் இணைந்து வரும் 'ஈ', 'ஆர்' இரண்டும் அருகருகே இருப்பது இடறுகிறது. விளக்கத்தோடு இந்த இடறலையும் எழுதினேன்; முழு மதிப்பெண் கிடைத்தது. குவெர்ட்டிக்கு மாற்றாக வந்த டுவோராக் விசையமைப்பின் காப்புரிமை 1936 என்பது இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் உதவாது.