சோப்புக்குக் கறுக்கும் துணி

சிறுநீர்க் கறை படிந்த குழந்தைத் துணியைச் சோப்புப் போட்டு அலசினால் கறை போக வேண்டும். போகாமல் இன்னும் கறுத்தால், அந்தக் குழந்தையின் கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்யவில்லையோ என்று ஐயப்பட இடமுண்டு. ஹோமோஜென்டிசேட் டைஆக்சிஜனேஸ் என்ற அந்தப் பெயரைக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தேன். இந்தத் துணியைப் பற்றிப் படித்த பிறகுதான் அது மனத்தில் நின்றது.

பருப்பு, பால், முட்டை ஆகியவற்றின் புரதத்திலிருந்து கிடைக்கும் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை உடல் படிப்படியாக உடைக்கும்போது, நடுவே ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாகிறது. இரும்பின் துணையோடு ஆக்சிஜனின் இரண்டு அணுக்களையும் புகுத்தி, அதன் ஆறு கார்பன் வளையத்தை அறுத்துத் திறப்பதே இந்த நொதியின் வேலை. அறுபடாத அமிலம் நாளொன்றுக்குச் சில கிராம் வரை சிறுநீரில் வெளியேறி, காற்றுப் பட்டதும் மெல்லக் கறுக்கிறது. சோப்பின் காரம் அதை விரைவுபடுத்துகிறது. வெளியேறாமல் தங்கும் சிறு பகுதி ஆண்டுக்கணக்கில் குருத்தெலும்பில் படிவதால், நடுவயதில் காது மடல் நீலம் பாய்ந்து, முதுகுத்தண்டும் முழங்காலும் தேய்கின்றன. அல்காப்டோனூரியா என்பது இந்நோயின் பெயர்.

லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட், இந்நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர் ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்கள் என்பதைக் கவனித்து, உயிரியலாளர் வில்லியம் பேட்சனின் துணையுடன் அதை, சில பண்புகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்ற மெண்டலின் மரபு விதியோடு பொருத்தி 1902இல் எழுதினார். மரபணு என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது. நொதி இல்லை என்பதை நோயாளியின் கல்லீரல் திசுவிலேயே காட்ட 1958 வரையிலும், அதற்குரிய மரபணுவைக் கண்டறிய 1996 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு நரிக்குறவர் சமூகத்திலும் அந்த மரபணுவின் மாற்றம் ஒன்று பதிவாகியிருக்கிறது.

களைக்கொல்லி ஆய்விலிருந்து வந்த நிட்டிசினோன் என்ற மருந்தை, பெரியவர்களின் அல்காப்டோனூரியாவுக்கு 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. பழுதான நொதியை அது சீர்செய்வதில்லை. அதற்கு முந்தைய படியிலுள்ள, பழுதில்லாத நொதியை முடக்குகிறது. கீழ்மடை அடைபட்ட வாய்க்காலுக்கு மேல்மடையையும் அடைப்பது போலத்தான். அமிலம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் உடைபடாத டைரோசின் இரத்தத்தில் ஏறிக் கருவிழியைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருந்து உண்பவர் புரதத்தை அளந்து உண்டு, கண் மருத்துவரிடமும் தவறாமல் காட்ட வேண்டியிருக்கிறது.