ழ்ழ போட்டால் எழுத்து ஓடுகிறது: 12 வாரக் கணக்கு

மூன்று முறை பாதியில் விட்டுப்போன தினசரி எழுத்து இந்தத் தடவை 12 வாரத்தைத் தாண்டிவிட்டது. காலையில் 20 நிமிடம், தவறியது மொத்தம் 6 நாள். டைமர், அடுத்த அறையில் போன், தினமும் ஒரே நாற்காலி எல்லாம் எல்லோரும் செய்வதுதான். அவை முந்தைய மூன்று முறையும் இருந்தன. புதிதாக மாற்றியது ஒன்றே ஒன்று: முதல் வரைவில் ஒற்றும் எழுத்துப்பிழையும் பார்ப்பதை நிறுத்தியாயிற்று. சந்தேகம் வந்தால் ‘ழ்ழ’ என்று ஒரு குறி மட்டும்.

தமிழில் வேகத்தைக் கெடுப்பதே இதுதான். ‘தமிழ்ப் பாடம்’ என்று அடித்துவிட்டு, அடுத்த வரியில் ‘தமிழ் படித்தான்’ வந்ததும் அங்கே ப் உண்டா இல்லையா என்று ஒரு சந்தேகம். அது தீர்வதற்குள் ‘முயற்சி’க்கு எந்த ர என்று இன்னொன்று. அகராதியைத் திறந்தால் 20-ல் 10 நிமிடம் போச்சு. மறுநாள் உட்காரவே கசக்கும்.

இப்போது சந்தேகம் வந்த சொல்லை ஒட்டி, இடைவெளி விடாமல், ‘ழ்ழ’ என்று அடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஊர்ப்பெயர், ஆண்டு, பாத்திரத்தின் வயது என எது தெரியாவிட்டாலும் அதே ழ்ழ. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் இதற்கு ‘டிகே’ (TK, ‘பிறகு வரும்’ என்பதற்கான குறி) போடுவார்கள். அந்த இரண்டு எழுத்தும் அந்த வரிசையில் அவர்கள் மொழியில் அரிதாகத்தான் சேரும், தேடினால் சட்டென்று கிடைக்கும். நமக்கு அதைவிடச் சுத்தமான வசதி உண்டு. ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் இரட்டிக்காது என்பது தொல்காப்பியத்தின் முதல் இயலான நூன்மரபிலேயே இருக்கிறது, அதாவது இலக்கணப்படி ர்ர-வும் ழ்ழ-வும் சொல்லில் வராது. ர்ர-வையும் போட்டுப் பார்த்தாயிற்று, கதையில் ‘கிர்ரென்று’ தலை சுற்றும் இடமெல்லாம் தேடலில் மாட்டுகிறது. கேள்விக்குறி போட்டால் உரையாடல் முழுக்க வந்து நிற்கும். நட்சத்திரக் குறிக்கு ஷிப்ட் அழுத்த வேண்டும், அந்த அரை நொடி கூட உறுத்துகிறது. ழ்ழ-வுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தமிழ்99 விசைப்பலகையில் ழ விசையை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், முதல் ழ-வுக்குப் புள்ளி தானாக விழும். வலது சுண்டுவிரல் வேலை. ஒலிபெயர்ப்பில் (ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கும் முறையில்) அடிப்பவர்கள் கவனிக்க: சொல்லை ஊகித்துத் தரும் பலகையாக இருந்தால் அது இந்தக் குறியையும் திருத்தப் பார்க்கும். திரையில் வரும் சிவப்புக் கோட்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண்.

பிழைக்கு ஒன்று, தகவலுக்கு ஒன்று என்று ழ்ழ1, ழ்ழ2 பிரித்துப் பார்த்தது படுதோல்வி. எது எந்த வகை என்று யோசிப்பதே புதுத் தடையாகிவிட்டது. ஒரே குறி போதும். பக்கத்துக்கு 15-ஐத் தாண்டினால் மட்டும் நிறுத்தி, விஷயத்தைச் சேகரித்துக்கொண்டு வர வேண்டும்.

திருத்தம் மறுநாள் மாலை, தேடல் பெட்டியில் ழ்ழ. எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி என்ற இரண்டு இணையத் திருத்திகளும் உதவும். ஆனால் தொகையா விரியா (உருபு மறைந்திருக்கிறதா, வெளிப்படையா) என்ற இடத்தில் நாவி சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், பொருள் பார்த்து நாம்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்தால் மறுநாள் சுலபமாகத் தொடரலாம் என்பார்களே, அது தமிழில் கையைச் சுடுகிறது. நமக்குக் காலம், பால், எண் எல்லாம் வினைமுற்றில்தான் இருக்கிறது, அதுவோ கடைசியில் வருகிறது. ‘மழைக்கு ஒதுங்கியவர் கடைக்காரரிடம்’ என்று விட்டுப்போனால் மறுநாள் கேட்டாரா, கேட்டிருப்பாரா, கேட்கவில்லையா? யாருக்குத் தெரியும்! வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லும், வரப்போகும் வினையும் மட்டும் கீழே எழுதி எழுவது சரிப்படுகிறது.

சொல் எண்ணிக்கை இலக்கு வேண்டவே வேண்டாம். நவம்பர் ஒரே மாதத்தில் நாவல் எழுதும் சவாலின் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667, ஆங்கிலத்துக்கான கணக்கு. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ நமக்கு ஒரே சொல். இலக்கை எட்ட ‘எழுதிக் கொண்டு இருந்தவர்களுக்கும்’ என்று பிரிக்கத் தோன்றும், அந்தப் பழக்கம் பிறகு போகாது. நிமிடக் கணக்கே மேல்.

தவறிய 6 நாளைப் பற்றிக் கவலை இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானியங்கியாக ஆக சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் விடுவது பெரிதாகக் கெடுக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கதையை நம்பி மூன்றாம் வாரத்தில் மனம் ஒடிந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கையால் எழுதுபவர்களுக்கு ழ்ழ-வுக்குப் பதில் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். மை பேனா என்றால் மெல்லிய நோட்டுத் தாளில் பின்பக்கம் ஊறும், 80 ஜிஎஸ்எம் தாள் வாங்கி ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், எதிர்ப்பக்கம் திருத்தத்துக்கு ஆகும்.

அடுத்து நடந்துகொண்டே குரலில் பதிவதாகத் திட்டம். வாயால் ழ்ழ சொன்னால் கருவி என்ன எழுதுமோ, வேறு ஒலிதான் தேட வேண்டும். அதற்கு முன் இந்தக் கோப்பில் இன்னும் 41 ழ்ழ பாக்கி.