கடவுச்சொல் திறந்தபடியே போய்க்கொண்டிருந்தது

நெட்வொர்க்கில் போகும் வரும் தரவைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலை நான் திறந்தது வேறு வேலைக்காக. வீட்டு நெட்வொர்க்கில் ஏதோ ஒரு கருவி ஓயாமல் டேட்டாவை இழுத்துக்கொண்டிருந்தது, எது என்று பார்க்க வேண்டியிருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வழக்கம்போல என் அஞ்சல் நிரலான தண்டர்பேர்டைத் திறந்தேன். திரையில் ஓடிய வரிகளுக்கு நடுவே 'ஐமேப்' என்ற சொல் கண்ணில் பட்டது, சர்வரிலிருந்து அஞ்சலை எடுக்கும் முறையின் பெயர் அது. சொடுக்கிப் பார்த்தேன். 'ஆதென்டிகேட் பிளெயின்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே பொருளே இல்லாத எழுத்துகளும் எண்களுமாக நீளமாக இன்னொரு வரி, கடைசியில் ஒரு சமக்குறி.

சரி, ஏதோ மறையாக்கம் ஆகித்தான் போகிறது என்று ஒரு நொடி நிம்மதி. அப்புறம் அந்தச் சமக்குறி உறுத்தியது. பேஸ்64 பெரும்பாலும் அப்படித்தான் முடியும். பேஸ்64 பூட்டு இல்லை, எழுத்துகளை வேறு உருவில் எழுதும் முறை, அவ்வளவுதான். திறக்கச் சாவியே வேண்டாம். அந்த வரியை நகலெடுத்து மாற்றிப் பார்த்தேன். என் மின்னஞ்சல் முகவரி வந்தது, அதை ஒட்டி என் கடவுச்சொல், ஒரு எழுத்தும் பிசகாமல்.

சொந்த டொமைனில் வைத்திருக்கும் மின்னஞ்சல் அது. வங்கிக் கணக்கு உட்பட எத்தனையோ இடங்களில் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பு இணைப்பு வந்து விழுவது அந்தப் பெட்டியில்தான். கணக்கு தொடங்கிய நாளில் ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பிய குறிப்பில் இருந்ததை அப்படியே போட்டிருந்தேன்: உள்வரும் அஞ்சலுக்கு ஐமேப், போர்ட் (சர்வரில் அந்தச் சேவைக்கான வாசல் எண்) 143. வெளிச்செல்லும் அஞ்சலுக்கு எஸ்எம்டிபி, போர்ட் 25. பாதுகாப்பு: 'நன்', அதாவது எதுவும் இல்லை. அஞ்சல் வந்தது, போனது, அதன்பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. அந்த மடிக்கணினியோடு போன இடமெல்லாம், கிடைத்த வைஃபையில் எல்லாம், கடவுச்சொல் இப்படித்தான் போயிருக்கிறது. அதை நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

உடனே கடவுச்சொல்லை மாற்றத்தான் கை போனது. நல்லவேளை, ஒரு நிமிடம் யோசித்தேன். வீட்டில் மூன்று கருவிகள் இந்தக் கணக்கோடு இணைகின்றன: என் மடிக்கணினி, ஒரு பழைய மடிக்கணினி, அக்காவின் ஃபோன். இவற்றின் அமைப்பைச் சரிசெய்யாமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், புதிய கடவுச்சொல்லும் அதே திறந்த வழியில்தான் போகும். முதலில் வழியை அடைக்க வேண்டும்.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் 'கனெக்ஷன் செக்யூரிட்டி' என்ற இடத்தில் மூன்று தேர்வுகள்: நன், ஸ்டார்ட்டிஎல்எஸ், எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். பின்னிரண்டில் எதை எடுப்பது என்று ரொம்ப நேரம் குழம்பினேன். பலருக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்றால் இணைப்பின் முதல் எழுத்திலிருந்தே மறையாக்கம். ஐமேப்புக்கு அது போர்ட் 993, அஞ்சலை எடுக்கும் இன்னொரு முறையான பாப்3-க்கு 995. ஸ்டார்ட்டிஎல்எஸ் அப்படி இல்லை. பழைய போர்ட் 143-லேயே திறந்த பேச்சாகத் தொடங்கி, 'இனி மறைத்துப் பேசுவோம்' என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகு மறையாக்கத்துக்கு மாறும். அந்த முதல் சில வரிகள் திறந்தே இருப்பதால், நடுவில் இருப்பவர் அவற்றில் கைவைக்க வாய்ப்புண்டு. மறையாக்கம் கிடைக்காவிட்டால் இணைப்பையே கைவிடும்படி நிரல் கறாராக இருந்தால் பரவாயில்லை. 'முடிந்தால் மறை, முடியாவிட்டால் திறந்தே போ' என்று விட்டுக்கொடுக்கும் நிரலாக இருந்தால் எல்லாம் வீண். அதனால் சர்வர் இடம் கொடுத்தால் 993-ஐயே எடுங்கள். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2018-ல் வெளியிட்ட ஆர்எஃப்சி 8314 என்ற ஆவணமும் இதையே பரிந்துரைக்கிறது.

993-ஐத் தேர்ந்தெடுத்தேன். அதன் கீழே 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்ட்' என்று இருந்தது. 'என்க்ரிப்டட் பாஸ்வேர்ட்' என்று இன்னொன்று இருக்க, இதை எப்படி விட்டுவைப்பது என்று தோன்றியது. ஆனால் மாற்ற வேண்டியதில்லை. இணைப்பு முழுவதும் மறையாக்கத்துக்குள் இருக்கும்போது கடவுச்சொல்லும் அதற்குள்ளேயேதான் போகிறது.

சேமித்துவிட்டு அஞ்சலை எடுக்கச் சொன்னதும் ஒரு எச்சரிக்கைப் பெட்டி எழும்பியது. சான்றிதழ் வேறொரு தளத்துக்குரியது என்றது. கீழே 'கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்செப்ஷன்' என்று ஒரு பொத்தான், இந்த விதிவிலக்கை நிரந்தரமாகச் சேமிக்க ஒரு கட்டம், அதில் டிக் தயாராகவே இருந்தது. அழுத்தினால் வேலை முடிந்தது.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், அது எல்லாருக்கும் வர்றதுதான். கன்ஃபர்ம் குடுத்துடுங்க, ஒண்ணும் ஆகாது." எனக்கு மனம் ஒப்பவில்லை. சான்றிதழ் எதற்கு இருக்கிறது? நான் பேசுவது என் சர்வரோடுதானா என்று உறுதிசெய்ய. அதை விட்டுவிட்டு மறையாக்கம் மட்டும் போதும் என்பது, கடிதத்தை உறையிலிட்டு அரக்கு வைத்துவிட்டு, வாசலில் நிற்பவர் யார் என்றே பார்க்காமல் கையில் கொடுத்தனுப்புவது போன்றது. இன்னொன்றும் உண்டு. விதிவிலக்கு அந்த ஒரு சான்றிதழுக்கு மட்டும்தான். லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் தரும் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும். புதுப்பிக்கும்போதெல்லாம் எச்சரிக்கை திரும்ப வரும், நாமும் திரும்ப அழுத்துவோம். உண்மையிலேயே யாரோ நடுவில் புகுந்த நாளிலும் விரல் பழக்கதோஷத்தில் அந்தப் பொத்தானுக்குத்தான் போகும்.

எச்சரிக்கைப் பெட்டியில் 'வியூ' என்பதை அழுத்திச் சான்றிதழைப் பார்த்தேன். விஷயம் எளிதாகத்தான் இருந்தது. நான் சர்வர் பெயராகப் போட்டிருந்தது 'மெயில்' என்ற சொல்லும் என் டொமைனும் சேர்ந்த பெயர். சான்றிதழ் இருந்ததோ நிறுவனத்தின் சொந்த சர்வர் பெயரில். ஒரே சர்வரில் பலருடைய அஞ்சலை வைக்கும் இடங்களில் இது சகஜம். இரண்டு வழிகள் உண்டு. சான்றிதழில் இருக்கும் பெயரையே நம் நிரலில் போடலாம், அல்லது நம் பெயரையும் சேர்த்துச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லலாம். முதல் வழி அப்போதே செய்யக்கூடியது. ஆனால் நாளைக்கு அவர்கள் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால் பெயரும் மாறும். நான் அன்று முதல் வழியைச் செய்துவிட்டு, இரண்டாவதை எழுத்து மூலம் கேட்டேன். நான்கு நாளில் செய்து கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கிறது, கேட்கத்தான் வேண்டும்.

மாற்றிய பெயர் தவறாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காக சான்றிதழில் இருந்த பெயரை அப்படியே நம்பாமல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருந்த பெயரோடும் ஒப்பிட்டேன். சான்றிதழ்களைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவி தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் எஸ்_கிளையன்ட் கட்டளையால் 993-ஐத் தட்டிப் பார்த்தபோது, பெயர் பொருந்தாத நிலையிலேயே 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்: 0 (ஓகே)' என்று வந்தது. சான்றிதழ் நம்பத்தக்க அமைப்பிடமிருந்து வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. பெயரையும் பார்க்க வேண்டுமென்றால் 'வெரிஃபை_ஹோஸ்ட்நேம்' என்ற தெரிவைச் சேர்த்துப் பெயரைக் கொடுக்க வேண்டும். அந்த ஓகேயைப் பார்த்துவிட்டு தண்டர்பேர்ட்தான் தவறாகச் சொல்கிறது என்று அரை மணி நேரம் நினைத்திருந்தேன்.

அஞ்சல் வந்தது. ஆனால் போகவில்லை. தண்டர்பேர்டில் வெளிச்செல்லும் சர்வரின் அமைப்பு தனி இடத்தில், இடப்பக்கப் பட்டியலின் அடியில் இருக்கிறது. உள்வரும் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவது எளிது. போர்ட் 25 என்பது சர்வர்கள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றும் வழி. நம் நிரலிலிருந்து அனுப்ப 587 அல்லது 465. இதில் 465-க்கு ஒரு பழைய கதை உண்டு. 1997-ல் இந்த வேலைக்கென்று பதிவாகி, கொஞ்ச நாளிலேயே அந்தப் பதிவு திரும்பப் பெறப்பட்டது, ஆனாலும் சர்வர்கள் அதை விடவில்லை. 2018-ல்தான் முறையாகத் திரும்பி வந்தது. அதனால்தான் பழைய வழிகாட்டிகளில் '465 வேண்டாம்' என்றும் புதியவற்றில் '465-தான் நல்லது' என்றும் படிக்கிறோம். 465-ஐ எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் உடனும், 587-ஐ ஸ்டார்ட்டிஎல்எஸ் உடனும் சேர்க்க வேண்டும். ஜோடி மாறினால் பிழைச் செய்திகூடச் சரியாக வராது. ஒன்றும் நடக்காமல் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் 'டைம்டு அவுட்' என்று நிற்கும். நான் 587-ஐ எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் உடன் போட்டுவிட்டு அந்தச் சுழலும் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயனர்பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையும் போட வேண்டியிருந்தது, @ குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் போதவில்லை.

அக்காவின் ஃபோனை வாங்கியபோது, "ஏன்டா, மெயில் நல்லாத்தானே வருது?" என்றாள். அவளுடைய பழைய ஆண்ட்ராய்ட் அஞ்சல் செயலியில் எஸ்எஸ்எல் என்றுதான் தேர்வாகியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி. அப்புறம் பார்த்தால் அதன் பக்கத்திலேயே 'அக்செப்ட் ஆல் சர்டிஃபிகேட்ஸ்' என்று இருந்தது. எந்தச் சான்றிதழ் வந்தாலும் ஏற்றுக்கொள் என்று அர்த்தம். அதைச் செய்து கொடுத்தது நான்தான், முன்பு ஒருமுறை இதே பெயர்ப் பொருத்தச் சிக்கலில் அவசரமாக. இப்போது சரியான பெயரைப் போட்டு, அந்தத் தேர்வை எடுத்துவிட்டு, கண்டிப்பான எஸ்எஸ்எல்லுக்கு மாற்றினேன். அவளுடைய ஜிமெயில் கணக்கு வேறு கதை. கூகுள் வழக்கமான கடவுச்சொல்லை இந்தச் செயலிகளிடமிருந்து ஏற்பதில்லை. ஓஆத்2 வழியாக, அதாவது செயலியிடம் கடவுச்சொல்லைத் தராமல் கூகுளின் பக்கத்திலேயே, உள்நுழைய வேண்டும், செயலிக்கு அது தெரியாவிட்டால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். அக்காவின் செயலிக்குத் தெரியவில்லை, அதனால் இரண்டாவது வழி.

பழைய மடிக்கணினிதான் ரொம்பப் படுத்தியது. எல்லாம் சரியாகப் போட்டும், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன், பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. உள்ளே கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதியைச் சரிசெய்ததும் அடுத்த தடை: அதிலிருந்த அஞ்சல் நிரலுக்கு டிஎல்எஸ் மறையாக்க முறையின் பழைய 1.0 பதிப்பு மட்டுமே தெரியும். 1999-ல் வந்த அந்தப் பதிப்பையும் 2006-ல் வந்த 1.1-ஐயும் ஐஇடிஎஃப் 2021 மார்ச்சில் வழக்கொழிந்தவை என்று அறிவித்துவிட்டது. சர்வரும் 1.2-க்குக் கீழே பேச மறுத்தது. சர்வரை இறங்கி வரச் சொல்வது அதில் இருக்கும் எல்லாருடைய பாதுகாப்பையும் குறைப்பதாகும். அதில் அஞ்சல் நிரலைப் புதுப்பிக்க வழியில்லாததால் கணக்கையே அதிலிருந்து நீக்கிவிட்டேன். அவசரத்துக்கு உலாவியில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பிறகே கடவுச்சொல்லை மாற்றினேன், அதே கடவுச்சொல்லைப் போட்டிருந்த இன்னும் இரண்டு இடங்களிலும் சேர்த்து. பிறகு வயர்ஷார்க்கை மறுபடி ஓடவிட்டு தண்டர்பேர்டைத் திறந்தேன். 143 என்ற எண் எங்கும் இல்லை. 993-க்கு ஒரு கைகுலுக்கல் (மறையாக்கத்தைத் தொடங்க இரு பக்கமும் பேசிக்கொள்ளும் அறிமுகம்), அதில் டிஎல்எஸ் 1.3, அதற்குக் கீழே 'அப்ளிகேஷன் டேட்டா' என்று வரிசையாக வரிகள். கைகுலுக்கலின் முதல் வரிக்குள் சர்வரின் பெயர் மட்டும் படிக்கிறபடி இருந்தது. நான் யாரோடு பேசுகிறேன் என்பது வெளியே தெரிகிறது, என்ன பேசுகிறேன் என்பது தெரியவில்லை. நீளமாக இருந்த ஒரு வரியை எடுத்து பேஸ்64 மாற்றியில் போட்டுப் பார்த்தேன். கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வந்தன.