தோலுக்கும் ஒரு பஞ்சாங்கம்

பறையை இறுக்கத் திருகாணி கிடையாது. தவிலுக்கு வார் இருக்கிறது, இப்போது போல்ட்டும் நட்டும் வந்துவிட்டன. உறுமிக்கு நடுவில் சுற்றிய கயிறு இருக்கிறது. பறைக்குத் தீ ஒன்றுதான், அதில் காய்ச்சித்தான் தோலை இறுக்க வேண்டும். அதனால் மதுரைப் பக்கத்துப் பறை செட்டுகளின் வருஷத்தைத் தெரிந்துகொள்ளக் கோயில் நோட்டீஸோடு சேர்த்துத் தோலையும் பார்க்க வேண்டும். (தஞ்சாவூர்ப் பக்கம் பறைக்குத் 'தப்பு' என்று பெயர்.)

தோல் கட்டுவதற்கு ஏற்ற மாதம் மாசி. அறுப்பு முடிந்து நெல் வீடு சேர்ந்திருக்கும், பனி குறைந்திருக்கும், வெயில் இன்னும் முழுதாக ஏறியிருக்காது. அதோடு, பங்குனி சித்திரை அம்மன் திருவிழாக்களுக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கும் நேரமும் அதுதான். கையில் கொஞ்சம் பணம் புழங்கும்போதே புதுத்தோல் போட்டுவிடுவார்கள்.

வளையம் ஏறக்குறைய 35 செ.மீ. குறுக்களவு. வேம்பு நல்லது. ஒரே கட்டையில் வளைக்க முடியாது என்பதால் வில் மாதிரி மூன்று துண்டுகள் அறுத்து, சேரும் இடங்களில் இரும்புப் பட்டை அடிப்பார்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் அடித்த பட்டை நாலே மாதத்தில் ஆடும். பட்டை ஆடினால் ஒவ்வொரு அடிக்கும் கூடவே ஒரு 'கிர்' சத்தம் வரும். தோலில் கோளாறு என்று நினைத்துப் பலர் தோலை மாற்றிவிட்டு, அப்புறமும் அதே சத்தத்தைக் கேட்டு முழிப்பார்கள்.

தோல் கன்றுத்தோல். ஆட்டுத்தோல் மெலிசு, அடிக்குச்சிக்குத் தாங்காது. எருமைத்தோல் தடிமன், மந்தமாக மொத்தும். உப்புப் போட்டு வைத்த தோல் வாங்கினால் பல தண்ணீர் மாற்றி அலசியாக வேண்டும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தப் பறை சித்திரையில்கூடத் தளர்ந்துதான் பேசும். சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் முடி கழன்றுவிடும். மொண்ணைக் கத்தியால் சுரண்டி, சுண்ணாம்பு வாடை போகும்வரை கழுவ வேண்டும்.

பசை புளியங்கொட்டையில் செய்வது. கொட்டையை வறுத்து, தோலை உடைத்து நீக்கி, பருப்பை இரவெல்லாம் ஊறவைத்து, மை போல அரைத்து, தண்ணீர் விட்டுக் கிண்டிக்கொண்டே காய்ச்சுவது. கரண்டியிலிருந்து நூலாக இறங்காமல் கட்டியாக விழும் பதம். அடி பிடித்துக் கருகிய பசை ஒட்டாது, கொட்டிவிட வேண்டியதுதான். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சிக்காகப் பசையில் துளி மயில்துத்தம் கலப்பார்கள். இங்கேயும் அது உதவும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் தவறுவது இழுப்பதில். ஈரத்தோலை முழு பலத்தோடு இழுத்து ஒட்டிவிடுவார்கள். காயும்போது தோல் தானாகவே சுருங்கும், அந்த இழுவையில் பட்டை விரியும், அல்லது விளிம்பு பிய்ந்துகொண்டு வரும். சுருக்கம் இல்லாமல் கை பலத்துக்கு இழுத்தால் போதும். விளிம்பைப் பக்கவாட்டில் மடித்து ஒட்டி, கயிறு சுற்றி, நிழலில் காய விட வேண்டும். வெயிலில் வைத்தால் பசை பிடிக்கும் முன்னே தோல் முந்திக்கொள்ளும்.

குச்சிகள் இரண்டு. வலது கையில் அடிக்குச்சி, கட்டை, ஏறக்குறைய 18 செ.மீ. இடது கையில் சிண்டுக்குச்சி, மெல்லிய மூங்கில் சிம்பு, 28 செ.மீ. அளவில். சிண்டு வளைந்து திரும்ப வேண்டும். பச்சை மூங்கில் வளையும், திரும்பாது.

பங்குனி, சித்திரையில் தோலுக்கு ஒரு குறையும் இருக்காது. ஒரு தடவை காய்ச்சினால் சாமி ஊரைச் சுற்றி வரும்வரை நிற்கும். சில மதியங்களில் காய்ச்சவே வேண்டாம், வெயிலில் சாத்தி வைத்தால் போதும். அதிகம் காய்ந்துவிடும் பயம்தான் அப்போது.

காய்ச்சுவதும் ஒரு கைப்பழக்கம். வைக்கோல், காய்ந்த ஓலை, அட்டை, எதுவானாலும் லேசாகப் பற்றி லேசாக அணைவதாக இருக்க வேண்டும். டயர் கூடாது, கரிப்புகை தோலில் பிசுக்காக ஒட்டும். பறையைத் தீக்கு மேலே பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் கருகி, பின்னால் அதே இடத்தில் கிழியும். நடுவில் சூடு ஏறுவது எளிது, விளிம்பு ஓரம்தான் பிந்தும். ஆகவே ஓரத்தைத்தான் தீயில் அதிகம் காட்டுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்தால் 'தொப்' என்பது மெல்ல ஏறி 'டங்' என்று வரும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்ற ஆசையில்தான் பாதித் தோல்கள் போகின்றன.

ஆடியில் தோலுக்குச் சிக்கல் இல்லை, தீக்குத்தான் சிக்கல். காற்று பொறியைத் தூக்கிக்கொண்டு போகும். பக்கத்தில் வைக்கோல் படப்பு இருந்தால் வினைதான். சின்னக் குழி தோண்டி, காற்று வரும் பக்கம் ஆட்களை நிறுத்திக் காய்ச்ச வேண்டும்.

புரட்டாசி பாதியில் மழை தொடங்கும். மார்கழி வரை கோயில் வேலை குறைவு. நாற்று நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று செட்டு கலைந்துவிடும். ஆனால் சாவுக்குப் பருவம் கிடையாது. ஐப்பசி மழையில் துக்க வீட்டுக்குப் போனால் விறகு நனைந்திருக்கும், நிற்க இடம் இருக்காது, காய்ச்சிய தோல் நாலு அடிக்குள் இறங்கிவிடும். 'என்னப்பா, சத்தமே காணோம்' என்று திண்ணையில் இருந்தபடி கேட்பவர்களுக்கு இது தெரியாது. சாவுக்கு அடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்தி வந்ததால், இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்த ஊர்களும் உண்டு. அது சரியான முடிவு என்றே தோன்றுகிறது. அதே பறைக்காக அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்த மழை மாதங்களுக்காகத்தான் பிளாஸ்டிக் தோல் வந்தது. நனையும், துடைத்தால் தீர்ந்தது. தீ வேண்டாம். சிண்டுக்குச்சியின் சொடுக்கு தெளிவாகவே கேட்கும். நடுவில் அடிக்கும் கனம் மட்டும் வராது. பழகுகிற பிள்ளைகளுக்கும் மழைநாள் ஊர்வலத்துக்கும் அது போதும். பல செட்டுகள் இரண்டையும் வைத்திருக்கின்றன.

சும்மா இருக்கும் மாதங்களில் பறையைச் சுவரோடு சாத்தக் கூடாது. சுவர் ஈரம் ஏறும். எலிக்குத் தோலும் பிடிக்கும், புளியங்கொட்டைப் பசையும் பிடிக்கும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே, புகை படும்படி தொங்கவிடுவார்கள். காஸ் அடுப்பு வந்தபின் அந்த இடம் போய்விட்டது, துணிப்பையில் போட்டு உத்தரத்தில் கட்டுகிறார்கள்.

மார்கழி கடைசியில் இறக்கிப் பார்க்க வேண்டும். விளிம்பு நெடுகிலும் விரலால் தட்டிக்கொண்டு போனால், பசை விட்ட இடத்தில் சத்தம் செத்திருக்கும். அங்கே மட்டும் புதுப்பசை தடவி, கயிறு சுற்றி இரண்டு நாள் விடலாம். தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக வரும். விடியற்காலைப் பனியில் முதல் காய்ச்சல் சீக்கிரம் இறங்கிவிடும். வைக்கோல் இரண்டு மடங்கு எடுத்துப் போக வேண்டும்.