நாலு டைவர், ஒரு டிரெய்லர்: பழைய 22 அடி படகு வாங்குவோருக்கு

ஃப்ளோரிடாவில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஸ்கூபா சான்றிதழ் எடுத்த கையோடு வரும் அடுத்த பேச்சு படகுதான். ஒவ்வொரு முறையும் சார்ட்டர் படகுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அழுவதைவிட, பழைய படகு ஒன்றைப் பிடித்து டிரெய்லரோடு வீட்டில் நிறுத்திவிட்டால் ஒரு வாரம் கீ லார்கோ, மறுவாரம் பாம் பீச் என்று போகலாமே என்ற எண்ணம். எண்ணத்தில் தப்பில்லை. தேடலைப் படகின் நீளத்தில் தொடங்குவதுதான் தப்பு. தொடங்க வேண்டியது எடையில்.

சாதாரண அலுமினியம் 80 சிலிண்டர், வால்வும் காற்றும் சேர்ந்து சுமார் 39 பவுண்டு. ஒரு நாளைக்கு இரண்டு டைவ் என்றால் ஆளுக்கு இரண்டு சிலிண்டர், அதுவே 78. பிசிடி (மிதக்க உதவும் காற்றுச் சட்டை), ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி), ஈயக்கட்டி, ஃபின், வெட்சூட், பை, குடிதண்ணீர் எல்லாம் இன்னொரு 40. ஆள் 180. ஆக ஒரு டைவர் படகுக்கு ஏறக்குறைய 300 பவுண்டு. தூண்டிலோடு வருகிறவர் 200 பவுண்டுக்குள் அடங்கிவிடுவார். விற்பவர்கள் சொல்லும் "எட்டுப் பேர் தாராளமாகப் போகலாம்" தூண்டில்காரர்களுக்கான கணக்கு.

20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும் கொள்ளளவுத் தகடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதில் ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஆட்களுக்கென்று போட்டிருக்கும் பவுண்டு எண்ணைப் பாருங்கள். அதை 300-ஆல் வகுத்து, படகோட்டிக்கும் பனிப்பெட்டிக்கும் ஓர் ஆளைக் கழித்தால் உண்மையான டைவர் எண்ணிக்கை வரும். 20 அடியும் அதற்கு மேலும் உள்ள படகுக்குத் தகடு கட்டாயமில்லை, நீங்களேதான் கணக்குப் போட வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு: 18, 19 அடிக்கு மூன்று டைவர், 22 அடிக்கு நாலு டைவர். இரண்டிலும் கூடுதலாக ஒருவர் படகிலேயே இருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக இறங்கிவிட்டு, நங்கூரம் பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிற கூட்டத்துக்கு நான் படகு சிபாரிசு செய்வதில்லை.

அடுத்து கார். நடுத்தரமான பழைய 22 அடி படகு ஒன்றின் எடையைப் போட்டுப் பார்ப்போம். ஹல், அதாவது படகின் வெற்றுடல், 2,500 பவுண்டு. 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (பின்னால் தொங்கும் என்ஜின்) 480. அலுமினியம் டிரெய்லர், இரட்டை ஆக்சில், 900. பெட்ரோல் ஒரு காலனுக்கு ஆறு பவுண்டுக்குச் சற்று மேல், 60 காலனுக்கு 370. எட்டு சிலிண்டர் 310. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, பனிப்பெட்டி 250. கூட்டினால் 4,810. நம்மவர் வீடுகளில் நிற்கும் சியன்னா, ஒடிசி மினிவேன்கள் இழுக்கக்கூடியது 3,500 பவுண்டு. எஸ்யூவிகளில் பெட்ரோல் ஹைலேண்டரும் நாலு சக்கர இழுவை உள்ள பைலட்டும் 5,000. அதாவது ஹைலேண்டரில் இழுத்தால் வரம்பின் விளிம்பில் ஓடுகிறீர்கள், அதுவும் காருக்குள் ஐந்து பேரும் சாமானுமாக.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பெட்ரோலை ரேம்ப் (படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவு) பக்கத்து பங்கில் போடுங்கள், சிலிண்டரை கீ லார்கோ கடையிலேயே வாடகைக்கு எடுங்கள். சாலையில் 600 பவுண்டுக்கு மேல் குறையும். காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் பந்துக் கொக்கியில் அழுத்தும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும். ரொம்பக் குறைந்தால் 55 மைலிலேயே டிரெய்லர் வாலாட்டும், பிறகு கார் அதன் பின்னால் போகும். மொத்த எடை 3,000 பவுண்டைத் தாண்டினால் ஃப்ளோரிடாவில் டிரெய்லருக்கு பிரேக் வேண்டும். பழைய டிரெய்லர்களில் அது பேருக்குத்தான் இருக்கும், உப்பில் இறுகிப் போயிருக்கும். அகலம் எட்டரை அடிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. பழைய 22 அடிப் படகுகள் பெரும்பாலும் எட்டடிதான்.

சியன்னாவை மாற்றும் உத்தேசம் இல்லையா? 18 அடியோடு நிறுத்திக்கொண்டு மூன்று டைவராகப் போங்கள். மோசமான முடிவு இல்லை.

எந்த வகை என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: சென்டர் கன்சோல். நடுவில் ஸ்டீயரிங், சுற்றிலும் காலியான தளம், நாலு பேர் ஒரே நேரத்தில் உபகரணம் மாட்ட இடம். மெத்தை இருக்கை போட்ட பௌரைடர் டைவிங்குக்கு ஆகாது. சிலிண்டர் விழுந்தால் கிழியும், அலை வந்தால் முன்பக்கம் தண்ணீர் மொள்ளும். உருளைகள் மேல் தட்டையான தளம் வைத்த பாண்டூன் மலிவு, ஆனால் கரையிலிருந்து பல மைல் தள்ளிய ரீஃபுக்கு (பவளப்பாறைக்கு) அதில் போகக் கூடாது. ரப்பர் குழாய் வைத்த ஆர்ஐபி எடை குறைவு, ஏறுவதும் சுலபம். மலிவாகக் கிடைப்பவை பிவிசி, இந்த வெயிலில் பசை விடும். 1970, 80களில் வந்த மாக்கோ, அக்வாஸ்போர்ட், சீகிராஃப்ட் ஹல்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. கனமான ஃபைபர், அலையைக் கிழித்துப் போகும் அடிப்பகுதி. பட்ஜெட்காரர்களுக்கு நல்ல சரக்கு, ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை டிரான்சம், அதாவது என்ஜின் தொங்கும் பின்சுவர். அந்தக் காலப் படகுகளில் ஃபைபருக்கு நடுவே பிளைவுட் இருக்கும். ஸ்குரு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மக்கிவிடும். பார்க்கும் முறை இது. என்ஜினை நேராக இறக்கி வைத்து, புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டில் ஏறி நின்று மெல்ல ஆட்டுங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பைக் கவனிக்கட்டும். என்ஜினோடு சேர்ந்து சுவரும் அசைந்தால் அந்தப் படகை விட்டுவிடலாம். அடுத்து பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்ற ஓசை ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால் அங்கே மரம் போய்விட்டது. விற்பவர் சம்மதித்தால் கீழே ஆழமானியின் ஸ்குரு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பழுப்புத் தண்ணீரோ, ஈரத்தூளோ வந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பின்பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இது டைவர்களுக்கே உரியது. அந்த ஹல்கள் எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்காக வரையப்பட்டவை. இப்போது அதே இடத்தில் கூடுதலாக ஒரு நூறு பவுண்டு ஃபோர் ஸ்ட்ரோக் தொங்குகிறது. தளத்தில் விழும் தண்ணீர் வெளியேற பின்மூலையில் ஸ்கப்பர் துளைகள் இருக்கும். டைவ் முடிந்து நாலு பேரும் ஈர உபகரணத்தோடு பின்னால் கூடினால் துளை நீர்மட்டத்துக்குக் கீழே போய், கடல் உள்ளே வரும். கணுக்கால் நனைவது பெரிய விஷயமில்லை. தளத்தின் மூடிகள் வழியே அந்தத் தண்ணீர் அடிவயிற்றில் இறங்கி, அதை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் ஸ்விட்ச்சும் பழுதாக இருந்தால்தான் விஷயம். ஆகவே சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது ஐந்து பேராகப் போங்கள். எல்லோரும் பின்மூலையில் ஐந்து நிமிஷம் நின்று தளத்தைப் பாருங்கள். தண்ணீர் ஏறினால், சிலிண்டர் ராக்கை கன்சோலை ஒட்டி நடுவில் வைத்து, பேட்டரிகளைக் கன்சோலுக்குள் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். சிலிண்டரைத் தளத்தில் படுக்கப் போடாதீர்கள். உருண்டால் விரல் போகும், வால்வு போகும்.

ஏணி மலிவான சாமான், எல்லோரும் அதில்தான் கஞ்சத்தனம் பார்ப்பார்கள். படகோடு வரும் இரண்டு படி மடக்கு ஏணி நீச்சலடிப்பவருக்கு. டைவருக்கு மூன்று படியாவது நீருக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்காலை மார்புவரை தூக்கித்தான் முதல் படியில் கால் வைக்க முடியும், முதுகில் நாற்பது பவுண்டோடு. நடுவில் ஒரே தண்டு, இருபுறமும் படிகள் நீட்டிய வகை கிடைக்கிறது. ஃபின்னைக் கழற்றாமலே ஏறலாம். நீரோட்டம் உள்ள இடத்தில் ஃபின்னைக் கழற்றிய பிறகு கை நழுவினால் ஆள் பின்னால் போய்விடுவார், அதனால் இந்த வகைக்கே என் ஓட்டு. ஏணியை வெறும் ஸ்குருவில் மாட்டாதீர்கள். முழு போல்ட், உள்பக்கம் தகடு. ஒற்றை என்ஜின் படகென்றால் டிரான்சத்தின் ஒரு பக்கம் ஏணிக்கு இடம் இருக்கும். புரொப்பெல்லர் அங்கிருந்து கைக்கெட்டும் தூரம்தான், ஆகவே ஆள் ஏறும்போது என்ஜின் நியூட்ரலில் இருந்தால் போதாது, அணைந்திருக்க வேண்டும்.

கூடவே நூறடிக் கயிறு ஒன்று, முனையில் மிதவை. ரீஃபில் படகு கட்டும் மிதவையில் படகைக் கட்டியிருக்கும்போது இந்தக் கயிற்றைப் பின்னால் விட்டு வையுங்கள், ஏணிக்குக் காத்திருப்பவர் பிடித்துக்கொள்வார். டைவர்கள் கீழே இருக்கும்போது படகில் 20க்கு 24 அங்குலக் கொடி பறக்க வேண்டும், மேலே வந்ததும் இறக்க வேண்டும்.

என்ஜினில் குதிரைத்திறனைவிடச் சுமையோடு படகு எழுந்து ஓடுகிறதா என்பதே கேள்வி. 22 அடிக்கு 150-க்குக் குறைவாக வேண்டாம். முழுச் சுமையில் முழு வேகம் கொடுத்தும் தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம்-ஐ எட்டவில்லை என்றால் புரொப்பெல்லர் பிட்ச்சை (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறையுங்கள். ஏறக்குறைய 200 ஆர்பிஎம் கூடும். கம்ப்ரஷன் சோதனையில் என்ஜின் சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது. சீல் மலிவு, அதற்குள் கியர் கெட்டிருந்தால் மலிவில்லை. எவின்ரூட் என்ஜின் விலை குறைவாகத் தெரியும். 2020-ல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

தளத்துக்கு அடியில் நுரையில் பதித்த அலுமினியம் பெட்ரோல் டேங்க் இருந்தால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நுரைக்கும் உலோகத்துக்கும் நடுவே உப்புத்தண்ணீர் தங்கி ஊசித்துளை விழும். மாற்ற வேண்டுமென்றால் தளத்தையே அறுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவில் இன்னொரு சிறிய படகுக்கு முன்பணம் கொடுக்கலாம். மொத்தப் பட்ஜெட் 20,000 டாலர் என்றால் படகு, என்ஜின், டிரெய்லர் மூன்றையும் 15,000-க்குள் முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டிரெய்லர் டயரில் டிஓடி எழுத்துகளின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2318 என்றால் 2018-ன் 23-ஆம் வாரம். ஐந்தாறு வருஷம் தாண்டியது பளபளவென்று இருந்தாலும் மாற்றுங்கள். ரேம்ப்புக்கு வந்ததும் உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். ஓடிவந்த சூட்டில் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பகுதிக்குள்) காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருங்கி, சீல் வழியே உப்புத்தண்ணீரை உறிஞ்சும். பேரிங் அடுத்த மாதம் ஹைவேயில் கத்தும். பதினைந்து நிமிஷம் நிறுத்தி, அதற்குள் சாமானை ஏற்றி, வடிகால் அடைப்பானைத் திருகுங்கள்.

கடைசியாக, காசு. பெட்ரோலையும் சாப்பாட்டையும் விருப்பத்தோடு பகிர்ந்துகொள்வதைச் சட்டம் கட்டணமாகப் பார்ப்பதில்லை. "ஆளுக்கு 60 டாலர் கொடுத்தால்தான் ஏறலாம்" என்றால் அது பயணிகளை ஏற்றும் தொழில். கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் எழுதும்போதும் இதை மனதில் வையுங்கள். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) பெயர்களுக்கு நடுவே 'அல்லது' என்று இல்லாமல் 'மற்றும்' என்று போடச் சொல்லுங்கள். 'அல்லது' என்றிருந்தால் அவர்களில் ஒருவரே கையெழுத்துப் போட்டுப் படகை விற்றுவிடலாம்.